எழுபத்தெட்டு அட்டைகளும் இரண்டு சீட்டுகளும்

அமரவிளை
4.2.1996

அன்புள்ள விமலக்காவுக்கு,

ஜிஜா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் மட்டும் வற்றவில்லை. நீங்களும் அத்தானும் சுகம்தானே?

பார்சல் வியாழக்கிழமை வந்தது. சுடிதார் துணி எனக்குப் பிடித்த நிறம். துணி மடிப்புக்குள் இருந்ததுதான் எனக்குப் புரியவில்லை. விளையாடுகிற சீட்டுக்கட்டு என்று முதலில் நினைத்தேன். அறைக்குள் கொண்டுபோய் விரித்தால் எலும்புக்கூடு ஒன்று குதிரையில் வருகிறது. ஒருவன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான், முகத்தில் வலியே இல்லை. மொத்தம் எழுபத்தெட்டு. பெட்டியின் மேல் டாரட் என்று அச்சிட்டிருக்கிறது. கல்லூரியில் ஒரு பெண் கொண்டுவந்த இங்கிலீஷ் பத்திரிகையில் இதைப் பற்றிப் பார்த்திருக்கிறேன். வருங்காலம் சொல்கிற அட்டையாம்.

அக்கா, எனக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்ததே நீங்கள்தான். கைமாறி வந்துவிட்டதா? ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லையே. என் துணிப்பெட்டியின் அடியில், பழைய பரீட்சைத் தாள்களுக்குக் கீழே மறைத்து வைத்திருக்கிறேன்.

பி.எட். விண்ணப்பம் போட்டாயிற்று. அப்பாவும் சபை டீக்கனார் ராஜையாவும் சாயங்காலங்களில் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். என்ன என்று ஊகிக்க முடிகிறது.

அத்தானையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கை
ஜிஜா


நர்சுகள் ஹாஸ்டல், பம்பாய்
19.2.1996

அன்புள்ள ஜிஜாவுக்கு,

நான் சுகம். டூட்டி அதிகம். அம்மாவை உப்பு போட்ட வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுக்கச் சொல்.

கைமாறி வரவில்லை. உனக்காகத்தான் வாங்கினேன். அதனுடன் வந்த சின்னப் புத்தகத்தை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். இந்த அட்டைக்கு இந்த அர்த்தம் என்று அதில் போட்டிருக்கும். அதைப் படித்தால் பிறகு நீ படத்தைப் பார்க்கமாட்டாய்.

இது வருங்காலம் பார்க்க அல்ல. எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமைதோறும் வருகிற மேடம் ஒருவர் சொல்லித் தந்தது. காலையில் யாரும் எழுவதற்கு முன் கட்டைக் கலைத்து ஒன்றே ஒன்று எடு. உன் கண் முதலில் எங்கே போகிறது என்று பார். படத்தில் நீ யார், யாரைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது என்று கேட்டுக்கொள். நடக்குமா, கிடைக்குமா என்று கேட்காதே. "நான் எதைப் பார்க்காமல் இருக்கிறேன்?" இது ஒன்றுதான் கேள்வி. பதில் அட்டையில் இருக்காது, உன்னிடம்தான் இருக்கும். அதை வெளியே எடுக்க ஒரு படம் தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

சின்ன வயதிலிருந்தே நீ எல்லாவற்றையும் கவனிப்பாய், எதையும் சொல்லமாட்டாய். அதனால்தான் அனுப்பினேன்.

அன்புடன்
விமலா


அமரவிளை
10.3.1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். ஒத்தடம் கொடுத்ததில் அம்மா இப்போது கோயில் படி ஏறுகிறாள். அத்தான் சுகமா? போன கடிதத்தில் அவரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

ஒரு வாரம் அந்தக் கட்டைத் தொடவில்லை. பிறகு ஜெபம் பண்ணிவிட்டு ஒன்று எடுத்தேன். ஐந்து பேர் ஆளுக்கொரு கம்பை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் யாருடைய கம்பும் யார் மேலும் படவில்லை. நம் சபைக் கமிட்டி ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன்.

அப்புறம் வந்தவை சிரிப்பாக இல்லை. ஒரு பெண், கண்ணைக் கட்டியிருக்கிறது, உடம்பையும் கட்டியிருக்கிறது, சுற்றிலும் வாள்கள் நட்டிருக்கின்றன. என் கண் நேராக அவள் காலுக்குப் போயிற்று. காலை யாரும் கட்டவில்லை. அவள் பாட்டுக்கு நிற்கிறாள். எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரத்தில் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகு உட்கார்ந்து, இந்த ஆத்திரம் யார் மேல் என்று கேட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி பதில் என்னிடம்தான் இருந்தது. ரிசல்ட் வந்த வாரம் அப்பா என்னை பேங்குக்கு அழைத்துப் போனார். மேனேஜர் என்னைப் பார்த்து, என்ன பாடம் படித்தாய் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "பிசிக்ஸாக்கும் சாரே" என்றார். நான் படித்தது கெமிஸ்ட்ரி. மூன்று வருஷம் படித்தது. நான் தலையாட்டினேன். மேனேஜரும் சந்தோஷப்பட்டார்.

எனக்குக் கோபம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறேன். இப்போது தினமும் காலையில் வருகிறது. ஆராதனையில் பாடும்போதும் வருகிறது. இதை என்ன செய்வது?

தங்கை
ஜிஜா


நர்சுகள் ஹாஸ்டல், பம்பாய்
27.3.1996

அன்புள்ள ஜிஜாவுக்கு,

நான் சுகம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

நீ செய்கிற விதம் சரிதான். அந்தக் கோபத்தை உடனே ஜெபம் பண்ணி அமர்த்திவிடாதே. அது என்ன சொல்ல வந்தது என்று முதலில் முழுக்கக் கேள். எனக்கு அதைச் சொல்லித் தர அந்த வயதில் யாரும் இல்லை. ஒரே அட்டை திரும்பத் திரும்ப வந்தாலும் பயப்படாதே. ஒரு மாதம் தொடர்ந்து செய்.

யாருக்கும் காட்டாதே. நான் அனுப்பியதையும் சொல்லாதே.

கல்யாணப் பேச்சு ஏதாவது வந்தால் உடனே எழுது.

அன்புடன்
விமலா


அமரவிளை
14.4.1996

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம் என்று எழுதுவதுதான் வழக்கம். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அத்தானைக் கேட்டதாகச் சொல்லவும்.

நேற்று பெண் பார்க்க வந்தார்கள். சுந்தரதாஸ் என்று பெயர், பாறசாலையில் ஹார்டுவேர் கடை. கெட்ட ஆள் மாதிரித் தெரியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாவிடம்தான் கேட்டார், "பிள்ளைக்குப் பேச்செல்லாம் எப்படி? கூடுதல் பேசுமோ?" அதற்கு அப்பா, "ஏய், அவளுக்கு வாயே கெடையாது. படிச்ச பிள்ளைன்னே தோணாது, கேட்டீரா" என்றார். எல்லாருக்கும் திருப்தி. கல்யாணத்துக்குப் பிறகு பி.எட். தேவையில்லை, கடைக் கணக்கு எழுதத்தான் ஆள் வேண்டும் என்று அவருடைய அம்மா சொன்னார்.

அவர்கள் போனபின் டீக்கனார், கர்த்தருடைய சித்தத்தைக் கேட்டுவிடுவோம் என்றார். வேணும் என்று ஒரு சீட்டிலும் வேண்டாம் என்று ஒரு சீட்டிலும் எழுதி, ஒரே மாதிரி மடித்து வேதாகமத்தின் மேல் வைத்தார்கள். அப்பாவும் டீக்கனாரும் பாயில் முழங்கால் போட்டார்கள். டீக்கனார் வழக்கம்போலப் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக ஜெபித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

வேண்டாம் என்று வந்தது.

பிறகு அப்பா, "ஜெபத்துக்க எடையில செக்போஸ்டுல லாரி ஹாரன் அடிச்சுதுல்லா? மனசு ஒருமைப்படல்ல. ஒண்ணுகூட எடுக்கலாம்" என்றார். "அது செரியாக்கும்" என்று டீக்கனார் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். மறுபடி ஜெபம். மறுபடி அம்மா கண்ணை மூடினாள். இந்த முறை வேணும் என்று வந்தது. தோத்திரம் சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டார்கள். நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

அக்கா, எனக்கு டீக்கனார் மேலும் கோபமில்லை, கர்த்தர் மேலும் இல்லை. பதில் பிடிக்கும்வரை கேட்டுவிட்டு அதற்கு அவருடைய பெயரை வைக்கிறார்களே, அதுதான் தாங்கவில்லை. உங்கள் பேச்சுக்கு அப்பா மதிப்புக் கொடுப்பார். எனக்கு இதில் இஷ்டமில்லை என்று நீங்கள் அவருக்கு எழுத வேண்டும். சீக்கிரம்.

ஜிஜா


அமரவிளை
6.5.1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க இன்று நேரமில்லை, மன்னிக்கவும். உங்களிடமிருந்து கடிதம் வரவில்லை. அப்பாவுக்கும் வரவில்லை.

நிச்சயத்துக்குச் சேலை எடுத்து வைக்க அம்மா என் பெட்டியைத் திறந்துவிட்டாள். அடித்தட்டு வரை போய்விட்டாள். முதலில் கையில் அகப்பட்டது அந்த எலும்புக்கூடு. "எட்டி, என்னத்தையாக்கும் வச்சிருக்க? இது பேய்ப்படமில்லா?" என்று அவள் போட்ட சத்தத்தில் அப்பா தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். அடுத்து டீக்கனார். இது மந்திரவாதம், இதை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் கல்யாணம் நடத்தக்கூடாது என்றார்.

நான் அவரிடம் கேட்டேன். புத்தாண்டு ஆராதனையில் தட்டை நீட்டுகிறீர்களே, எல்லாரும் ஆளுக்கொரு வசன அட்டை எடுத்து, வருஷம் முழுக்க அது எனக்குச் சொன்னது என்று கதவில் ஒட்டுகிறோமே, அது என்ன என்று. போன வருஷம் தனக்கு வந்த வசனம் பிடிக்காமல் அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் மாற்றிக்கொண்டதையும் சொல்ல நினைத்தேன். அதற்குள் அம்மா என் வாயைக் கையால் பொத்திவிட்டாள்.

கோயில் வளாகத்துப் பின்பக்கம் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கட்டளை. நின்றேன். போதகர் இல்லாத இடத்தில் தானே போதகர் மாதிரி டீக்கனார் ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார்.

யார் கொடுத்தது என்று அப்பா கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். அப்படி நான் அவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. உங்கள் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பம்பாய் பார்சலை அவர் மறக்கவில்லை. உங்களைப் போனில் கூப்பிடப்போகிறார். நீங்களே சொல்லிவிட்டால் நல்லது. இது மந்திரம் இல்லை என்று நர்ஸ் சொன்னால் நம்புவார்கள்.

ஜிஜா


நர்சுகள் ஹாஸ்டல், பம்பாய்
20.5.1996

அன்புள்ள ஜிஜாவுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் அப்பா அம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

இங்கே தாங்க முடியாத வெயில். இரண்டு நர்சுகள் லீவில் போய்விட்டதால் டூட்டி மாறி மாறி வருகிறது. அதனால்தான் எழுதத் தாமதம். சுடிதார் தைத்தாயிற்றா? கழுத்து ரொம்ப இறக்கி வெட்டாமல் பார்த்துக்கொள்.

இப்போதைக்கு அப்பா சொல்கிறபடி கேள். எல்லாம் நல்லபடி முடியும்.

அன்புடன்
விமலா


அமரவிளை
30.5.1996

அக்காவுக்கு,

சுடிதார் தைக்கவில்லை.

அப்பா உங்களுக்குப் போன் செய்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. உங்கள் கடிதத்தில் அந்தப் போனைப் பற்றி ஒரு வரி இல்லை. ஜங்ஷன் பூத்திலிருந்து வந்து அப்பா சொன்னதை நான் எழுதுகிறேன். "விமலாவுக்கு ஒண்ணும் தெரியாதாம். துணி மட்டும்தான் அனுப்பினாளாம். பின்ன எவன் தந்தான்?"

எவன். கவனியுங்கள். நீங்கள் கொடுக்கவில்லை என்றால் திருவனந்தபுரத்தில் படித்தபோது எனக்கு ஒருவன் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையில் என் மூன்று வருஷப் படிப்பும் வேறு ஏதோவாக மாறிவிட்டது. செப்டம்பரில் என்று இருந்த கல்யாணம் ஜூலை முதல் வாரத்துக்கு வந்துவிட்டது. பி.எட். இடம் கிடைத்ததாக வந்த கார்டை அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். தபால் ஆபீசுக்கு நான் தனியாகப் போகக்கூடாது. இதைக்கூடப் பக்கத்து வீட்டு அஞ்சுவிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன்.

ஜூன் ஒன்பதாம் தேதியிலிருந்து மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இரண்டு பேர் பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டானால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். மூன்றாவது வாசிப்பு முடிந்தால் முடிந்தது.

இனி நான் கவனித்ததைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் கவனிப்பவள் என்று நீங்களே எழுதினீர்கள். அத்தானைப் பற்றி எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒரு தடவைகூடப் பதில் இல்லை. கவரில் நர்சுகள் ஹாஸ்டல் விலாசம் இருக்கிறது. கல்யாணமானவர்களுக்கு அந்த ஹாஸ்டலில் இடம் கொடுக்கமாட்டார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த வருஷம் நீங்களே எழுதியிருந்தீர்கள். புதன்கிழமை வரும் மேடம் நர்சுகளுக்கு வகுப்பு எடுக்க வருகிறவர் இல்லை, மனக்கஷ்டம் உள்ளவர்களிடம் பேச வருகிறவராக இருக்க வேண்டும். நீங்கள்தான் அவரிடம் போகிறீர்கள். அந்த அட்டைகளை முதலில் உங்களுக்காகத்தான் வாங்கியிருப்பீர்கள்.

எதைப் பார்க்காமல் இருக்கிறேன் என்று கேட்கச் சொல்லி எனக்குக் கற்றுக் கொடுத்தீர்களே, நீங்கள் கேட்டீர்களா? அட்டைகளை எரித்துவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. காலையில் கதவைத் திறந்ததும் எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை வைத்துக் கேட்டுக்கொள்கிறேன். இன்று பட்டது அம்மா வாசலில் கவிழ்த்து வைத்திருந்த வாளி. யார் மேல் கோபம் என்று கேட்டேன். இத்தனை நாளும் அப்பா என்று வரும். இன்று உங்கள் பெயர் வந்தது.

ஜிஜா


பம்பாய்
12.6.1996

ஜிஜா,

நீ எழுதியது எல்லாம் சரி.

போன செப்டம்பரிலிருந்து தனியாக இருக்கிறேன். அவர் கை நீட்டுவார். அதற்கு மேல் எழுதச் சொல்லாதே. மேட்ரன் இரக்கப்பட்டு ஹாஸ்டலில் இடம் கொடுத்தார்.

அப்பா போனில் கேட்டபோது நான் உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு ஏது, எதற்கு வாங்கினாய் என்று வரும். அதற்குப் பதில் சொன்னால் மற்ற எல்லாம் வெளியே வரும். துணி மட்டும் என்று வாய் சொல்லிவிட்டது. போனை வைத்தபின் அரைமணி நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்று. எனக்கும் சீட்டுப் போட்டார்கள். ஹாரன் எதுவும் அடிக்கவில்லை. முதல் தடவையே வேணும் என்று வந்தது. அதனால் இது பிழையாகிப்போனது என்று யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கர்த்தர் காட்டின பையனை விட்டுவிட்டு வந்தவள் என்றுதான் ஊரில் பெயர் வரும்.

என் பெயரை நீ சொல்லிக்கொள். நான் மறுக்கமாட்டேன். அப்பாவுக்கு எழுத மூன்று தடவை தாளை எடுத்தேன்.

விமலா


அமரவிளை
26.6.1996

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கை நீட்டுவார் என்ற வரியையும் வாசித்தேன். அந்த ஆளை இனி அத்தான் என்று நான் எழுதப்போவதில்லை.

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதை நான் சொன்னால், மறுபடியும் ஒருத்தி பேசவேண்டியதை இன்னொருவர் பேசினதாக ஆகும். இந்த வீட்டில் அது போதும்.

முதல் ஞாயிறு ஓலை வாசித்தபோது சும்மா இருந்தேன். இரண்டாவது ஞாயிறும் அப்படியே. பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சு, அம்மாவுக்கும் ஆனந்தபாய் மாமிக்கும் நடுவில். மூன்றாவது ஞாயிறு போதகர் வாசித்து முடித்துத் தடை உண்டா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த அறிவிப்புத் தாளை எடுத்தார். யாரும் எப்போதும் சொன்னதில்லை, அதனால்தான். நான் எழுந்தேன்.

"எனக்குத் தடை உண்டு."

சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். டீக்கனார் முன்வரிசையிலிருந்து திரும்பி, "எலே நேசையா, பிள்ளைய இருக்கச் சொல்லு" என்றார். என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொன்னார். போதகர் மட்டும் தாளைக் கீழே வைத்துவிட்டு, என்ன தடை என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

இஷ்டமில்லை என்றேன். அவர் பாவம், குழம்பிப்போனார். உறவுமுறை, முந்தின விவாகம், இதெல்லாம்தான் தடை. இஷ்டமில்லை என்பது கணக்கில் வராதே என்றார். பின்பெஞ்சில் யாரோ, வேறே ஆள் உண்டாயிருக்கும் என்று முணுமுணுத்தார்கள்.

"கலியாணத்தன்னைக்கு என்கிட்ட சம்மதமான்னு கேப்பீங்கல்லா?" என்றேன். "அத இன்னைக்கே கேளுங்க. சம்மதம் இல்ல."

அப்பா எழுந்தார். முகம் கறுத்திருந்தது. "கர்த்தர் தீர்மானிச்ச காரியமாக்கும்" என்றார், போதகரைப் பார்த்து.

"மொதல்ல வேண்டாம்னுதான் வந்துது அப்பா. நீங்கதான் ஜன்னல அடச்சுட்டு மறுபடி எடுத்தீங்க."

டீக்கனார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். பிறகு ஆண்கள் பக்கத்தில் யாருக்கோ சிரிப்பு வந்துவிட்டது. போதகர் டீக்கனாரைப் பார்த்து, இது உண்மையா என்று கேட்டார். டீக்கனார் பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அதுவே போதுமாயிருந்தது. இந்த ஓலையை நிறுத்தி வைக்கிறேன் என்று போதகர் அறிவித்தார். நான் ஆராதனை முடியும்வரை உட்காரவில்லை.

மறுநாளே சுந்தரதாஸ் வீட்டார் ஆள் விட்டு, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த அளவு பேசுகிற பெண் அவர்களுக்கு ஒத்துவராதாம். அம்மா என்னிடம் பேசுவதில்லை. ஆனால் பி.எட். கார்டு நேற்றுக் காலை என் தலையணைக்கு அடியில் இருந்தது. அப்பா சாப்பிடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார். எனக்கு அவர் மேல் கோபம் தீரவில்லை. உங்கள் மேலும் தீரவில்லை. இதை அமர்த்திக்கொள்ள நான் ஜெபிக்கவும் இல்லை.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது முதல் தடவையாக அவர் வாய் திறந்தார். "விமலா சுகமாத்தானே இருக்கா?" என்று சுவரிடம் கேட்டார். என்னவோ அவருக்கும் தட்டியிருக்கிறது. "அத அவகிட்டயே கேளுங்க" என்றேன்.

ஜூலை ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் பூத்துக்குப் போகிறார். பன்னிரண்டு மணி அளவில் உங்களைக் கூப்பிடுவார். நான் பக்கத்தில்தான் நிற்பேன், ஆனால் வாய் திறக்கமாட்டேன்.

வெயிலைப் பற்றிப் பேசாதீர்கள் அக்கா. டூட்டி இருந்தால் மாற்றிக்கொண்டு, போன் பக்கத்திலேயே இருங்கள்.

ஜிஜா